வடவானத்து ஒளியும் மறைத்த ஏவுதளமும்

1977 செப்டெம்பர் 20ஆந் திகதி அதிகாலை நான்கு மணியளவில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் வடமேற்கே, ஒனேகா ஏரிக்கரையிலுள்ள பெத்ரஸவோட்ஸ்க் நகர மக்கள் வானில் விந்தையானதோர் ஒளியைக் கண்டனர். ஜெலி மீனைப் போல் விரிந்த அது, நகரை நோக்கிக் கதிர்களைச் சொரிந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் மறைந்தது. பின்லாந்திலும் அதைக் கண்டவர்கள் இருந்தனர். சில நாட்களில் ‘இஸ்வெஸ்தியா’ பத்திரிகையே செய்தி வெளியிட்டது. ஆனால் காரணம் எதையும் கூறவில்லை. யன்னல் கண்ணாடிகளை அவ்வொளி துளைத்துவிட்டதாகக்கூட வதந்தி பரவியது.

அரசாங்கத்தால் இதைப் புறக்கணிக்க முடியவில்லை. ‘செத்கா’ (வலை) என்ற பெயரில் 1978இல் இரகசிய ஆய்வொன்று தொடங்கப்பட்டது. அதன் ஒரு கிளை விஞ்ஞானக் கழகத்திலும் மற்றையது பாதுகாப்பு அமைச்சிலும் இயங்கின. வானில் இனங்காணமுடியாத எதைக் கண்டாலும் எழுதி அனுப்புமாறு 1980இல் படைப்பிரிவுகளுக்குக் கட்டளை பிறந்தது. 1990 வரை நீடித்த இவ்வாய்வுக்குச் சுமார் 3,000 அறிக்கைகள் கிடைத்தன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ரொக்கெட் ஏவுதல்களும் உயரப் பறக்கும் பலூன்களுமே என்று, ஆய்வில் முன்னின்ற பிளாதொவும் சொக்கலோவும் பின்னர் எழுதினர்.

பெத்ரஸவோட்ஸ்க் ஒளியின் கதையும் அதுவே. அவ்வேளையில் ‘கொஸ்மொஸ் 955’ என்ற செய்மதி பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டிருந்தது. அத்தளம் நகரிலிருந்து சுமார் 350 கிலோமீற்றர் கிழக்கே உள்ளது. நிலத்திலே இருள் விலகாதபோதும் மிக உயரத்திற் சூரிய ஒளி படும். அங்கே ரொக்கெட் கக்கிய வாயு பரந்து விரிந்து ஒளிர்ந்தது.

அப்படியாயின் அதை ஏன் அன்றே சொல்லவில்லை? பிளெசெட்ஸ்க் என்றோர் ஏவுதளம் இருப்பதையே சோவியத் அரசு 1983 வரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதே விடை. ரொக்கெட்டை ஏவியதும் இராணுவம், ஒளியை ஆராய்ந்ததும் இராணுவம். இடையில் நின்று திகைத்தவர்கள் பொதுமக்கள்.

இவ்விடத்தில், விஞ்ஞானம் கற்பிக்கும் கிராமத்து ஆசிரியனான என்னை மிகவும் ஈர்த்தது இன்னொரு செய்தி. அந்த இரகசியத்தை 1966ஆம் ஆண்டிலேயே வெளிக்கொணர்ந்தது ஒரு பாடசாலை. இங்கிலாந்தின் கெற்றறிங் நகர்ப் பாடசாலையொன்றில் பௌதிகவியல் கற்பித்த ஜெஃப்ரி பெரி, தம் மாணவர்களோடு சாதாரண வானொலி வாங்கியொன்றில் சோவியத் செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கேட்டு, நேரங்களைக் குறித்து வந்தார். ‘கொஸ்மொஸ் 112’இன் பாதை, அதுவரை அறியப்பட்ட பைக்கனூர் ஏவுதளத்துக்குப் பொருந்தவில்லை. அவ்வாண்டே ஏவப்பட்ட இன்னொரு செய்மதியின் பாதையையும் வரைபடத்திற் கீறியபோது, இரண்டும் பிளெசெட்ஸ்க் அருகே ஒன்றையொன்று வெட்டின.

வல்லரசொன்று மூடிவைத்ததை மாணவர்களின் குறிப்பேடு காட்டிக்கொடுத்தது. பதினொரு ஆண்டுகளின் பின்னரும், தம் தலைக்கு மேலே தெரிந்தது என்னவென்று அந்நாட்டு மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

இத்தகைய ஒளிகளைக் கண்டோம் என்பவர்களை அறியாமையில் உழல்வோர் என்று படித்தவர்கள் நகைப்பதுண்டு. அது நியாயமன்று. பெத்ரஸவோட்ஸ்க் மக்களின் கண்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது மெய்யான ஒளி. அதன் பெயரை அறிந்தவர்கள்தாம் வாய்திறக்கவில்லை. அறிந்தோர் மௌனம் காக்கும் இடத்தில் வதந்தி பிறப்பதற்கு மக்களைக் குறைகூறுவது எங்ஙனம்?

வகுப்பறையில் இக்கதையைச் சொல்லும்போது, வரைபடத்திலுள்ள அந்த வெட்டுப்புள்ளியைத்தான் நான் முதலிற் காட்டுகிறேன்.