அந்தச் சோயாச் செடிக்கு ஒரு பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வெகு நாளாகச் சொல்ல நினைத்த விஷயம்.

முப்பது வருஷத்துக்கு முன் பத்தாம் வகுப்பில் வேர் முடிச்சுப் பாடம் நடத்தினேன். மறுநாள் ஒரு பையன் இரண்டு செடிகளைப் பிடுங்கி வந்தான். கடலைச் செடியின் வேரில் முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. அவன் அப்பா புதிதாக விதைத்திருந்த சோயாவின் வேரில் ஒன்றுகூட இல்லை. "ஒரே காடுதான் சார், இதுல மட்டும் ஏன் இல்ல?" என்றான். "பிடுங்கும்போது அறுந்திருக்கும், போய் உக்காருடா" என்றேன். நான் சொன்னது தவறு.

நுண்ணுயிரிகள் இல்லாத இடமே இல்லை என்றுதான் நான் படித்தேன், அதையே உங்களுக்கும் சொன்னேன். 1934இல் பாஸ் பெக்கிங் என்ற டச்சு விஞ்ஞானி, நுண்ணுயிர்கள் எங்கும் பரவியிருக்கும், எது பெருகும் என்பதைச் சூழல்தான் முடிவு செய்யும் என்று எழுதினார். அதில் பாதி உண்மை. வட, தென் அமெரிக்காவில் 98 இடங்களின் மண்ணைச் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், பாக்டீரியாக்களின் பன்மையை அதிகம் தீர்மானித்தது மண்ணின் அமிலத்தன்மையே என்று தெரிந்தது.

ஆனால் மண்ணுக்கு வரலாறும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரங்கள் இயற்கையாக இல்லை. 1930களிலிருந்து அங்கே பைன் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். வெயில், மழை, மண் எல்லாம் இருந்தும் கன்றுகள் மஞ்சளாகிச் செத்தன. 1955இல் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் அடியில் போட்டார்கள். அந்தக் கன்றுகள் பிழைத்தன. பைன் வேரோடு கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்துவந்த பூஞ்சை அந்த மண்ணில் இருந்தது. அதன் வித்துகள் காற்றில் பறக்கக்கூடியவைதான், ஆனாலும் கடல் தாண்டி வந்து நிலைக்கவில்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. முதல் மழையில் வரும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் 1943இல் இந்த இனத்திலிருந்துதான் கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேனியல் பக்லி குழுவினர் வட அமெரிக்க மண்ணில் இதைத் தேடி 2016இல் எழுதினார்கள். வடக்கே போகப் போக இதன் மரபணு வேறுபாடு குறைகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய கனடா முழுவதும் பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. பனி விலகிய பிறகு தெற்கிலிருந்து போய்க் குடியேறிய சிலவற்றின் வாரிசுகள்தான் இன்று வடக்கே இருப்பவை என்கிறார்கள். பனி உருகி இத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் தடம் அழியவில்லை!

இப்போது சோயாவுக்கு வருகிறேன். அது சீனத்துப் பயிர். அதன் வேரில் முடிச்சுப் போடும் பிராடிரைசோபியம் கிழக்காசியாவில் காட்டுச் சோயாவோடு சேர்ந்து வளர்ந்த கூட்டம். ஜப்பானிக்கம் என்ற அதன் பெயரிலேயே ஊர் இருக்கிறது. சோயாவே பயிரிடாத நம் செம்மண் காட்டில் அது எப்படி இருக்கும்? கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே என்று கேட்பீர்கள். கடலை அவ்வளவு பார்க்காது, நம் உளுந்து, பாசிப்பயறு வேர்களில் குடியிருக்கும் உள்ளூர்க் கூட்டத்தோடேயே ஒட்டிக்கொள்ளும். சோயாவுக்கென்று உள்ள ரைசோபியம் பொட்டலத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்திருந்தால் முடிச்சு வந்திருக்கும்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். அவனோடு படித்தவர்கள் யாராவது இதை அவனுக்கு அனுப்பி வையுங்கள். முடிச்சு அறுந்து போகவில்லை, நீ சரியாகத்தான் பார்த்தாய் என்று சார் சொன்னதாகச் சொல்லுங்கள்.