பாலில் கரைந்த சர்க்கரை



தாதாபாய் நௌரோஜி, ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஹோமி பாபா, மானெக்‌ஷா. இவர்களைத் தனித்தனிப் பாடங்களில் நடத்தியிருக்கிறேன். நால்வரும் பார்சிகள் என்று சேர்த்துச் சொன்னதில்லை. அந்தக் குறையை இன்று தீர்க்கிறேன்.

பாரசீகம் இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்தபின், ஜொராஸ்ட்ரிய மதத்தினர் சிலர் கடல் கடந்து குஜராத்தின் சஞ்சான் கரையில் இறங்கினர். அரசன் நிரம்பிய பால் கிண்ணத்தைக் காட்டி "இடமில்லை" என்றானாம். குருவோ அதில் சர்க்கரையைக் கரைத்து, "இப்படி இருப்போம்" என்றாராம். கதைதான். ஆனால் அப்படியே வாழ்ந்தார்கள். குஜராத்தி தாய்மொழியானது. பெண்கள் சேலை கட்டினார்கள். பம்பாயில் கப்பல் கட்டினார்கள், ஆலை வைத்தார்கள், பள்ளியும் மருத்துவமனையும் தந்தார்கள். நம் சென்னை ராயபுரத்திலும் 1910 முதல் அவர்களின் அக்னி ஆலயம் உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். 1941-இல் 1,14,890 பேர். 2011-இல் 57,264 பேர். பிரிவினையில் கராச்சிப் பார்சிகள் கணக்கிலிருந்து போனது உண்மை. ஆனால் அது சில ஆயிரம்தான். 2001-லேயே நூற்றுக்கு 31 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். 2013-இல் மத்திய அரசே 'ஜியோ பார்சி' என்று குழந்தைப்பேற்றுக்கு உதவும் திட்டம் கொண்டுவந்தது.

"பெண்களைப் படிக்க வைத்ததால் வந்த வினை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாமதத் திருமணமும், மணமே செய்யாதிருப்பதும் ஆண்களிடமும் உண்டு. வெளிநாடு போனவர்களும் பலர். இன்னொன்றும் இருக்கிறது. ஜே.ஆர்.டி. டாட்டாவின் தாய் பிரெஞ்சுக்காரர், தந்தை பார்சி. அந்தத் தாய் மதம் மாறியது தொடர்பான வழக்கில்தான் 1908-இல் பம்பாய் உயர்நீதிமன்றம், பார்சித் தந்தையின் பிள்ளைகள் பார்சிகளே என்றது. பார்சித் தாய்க்கு அந்த உரிமையைச் சொல்லவில்லை. வெளியே மணந்த மகளின் பிள்ளைகளுக்கு இன்றும் பல இடங்களில் ஆலயக் கதவு திறப்பதில்லை.

அவர்கள் வழக்கத்தை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மகனுக்குத் திறந்து மகளுக்கு மூடும் கதவு நம் வீடுகளிலும் இல்லையா? வேறு சாதியில் மணந்த மகளை விசேஷத்துக்கு அழைக்காத வீடுகளை நான் அறிவேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

யோசித்துப் பார்த்து, கீழே எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்