எட்டுப் போடத் தெரியாமல் இருபது வருடம் ஓட்டினேன்

பதினான்கு வயதில் வாப்பாவின் ஹொண்டா 50இல் வயலுக்குப் பசளை ஏற்றிப் போனதுதான் என் முதல் ஓட்டம். யுத்த காலத்தில் நிந்தவூரில் என் வயதுக்காரர் பலர் அப்படித்தான் பழகினோம். சோதனைச் சாவடிகளில் மறித்தவர்கள் தேசிய அடையாள அட்டையைத்தான் கேட்டார்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அதற்காக அம்பாறைக்குப் போய் வருவது அன்று சின்ன விடயமும் இல்லை. 2009இல் யுத்தம் முடிந்தது, லைசன் இல்லாமல் ஓடும் பழக்கம் முடியவில்லை.

என்னை அசைத்தது ஒரு விபத்து. லைசன் இல்லாத என் உறவினர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் பிரதான வீதியில் ஒரு சிறுவன் மீது மோதியது. பிள்ளைக்குக் கால் முறிவு. வண்டிக்குக் காப்புறுதி இருந்தும் ஓட்டியவருக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். வைத்தியச் செலவுக்கும் வழக்குக்கும் அவர் வயலை ஈடு வைத்தார். அடுத்த கிழமையே நான் கடதாசிகளைத் தேடத் தொடங்கினேன்.

கடதாசியில்தான் எங்கள் ஆட்கள் முதலில் தடக்குப்படுவார்கள். அடையாள அட்டையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். சுனாமியில் பத்திரங்களைப் பறிகொடுத்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதியைப் பெறலாம். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சிங்களத்தில் பதிந்து தமிழுக்கு வந்த பெயர்களில் ஓர் எழுத்துப் பிசகு சாதாரணம். பரீட்சைக்குப் போகுமுன்பே அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் சான்றிதழ். கண்பார்வை, காது, இரத்த அழுத்தம் என்று பார்ப்பார்கள். அது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். கண்ணாடி போடுபவர்கள் அதோடு போக வேண்டும். யுத்தத்தில் காதிலோ கண்ணிலோ கை கால்களிலோ காயப்பட்டவர்கள் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மறைத்து எடுத்த சான்றிதழ் ஒரு விபத்து நடந்தால் உங்களுக்கே எதிராக நிற்கும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். எந்த வாகனத்துக்கு லைசன் வேண்டும் என்பதையும் விண்ணப்பத்தில் சரியாகக் குறியுங்கள். முச்சக்கர வண்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் வேறு வேறு பிரிவுகள். மோட்டார் சைக்கிள் லைசனோடு லேண்ட்மாஸ்டர் ஓட்ட முடியாது.

எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்கள். சரியான விடையைத் தெரிவு செய்வதுதான் வேலை. தமிழில் எழுதலாம், விண்ணப்பிக்கும்போதே மொழியைக் குறித்துவிடுங்கள். இது யாரும் செய்யும் உதவியல்ல, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. எனக்குக் கடினமாக இருந்தது மொழியல்ல, வீதி ஒழுங்குதான். சுற்றுவட்டத்தில் யாருக்கு வழிவிடுவது என்ற கேள்விக்கு 'பெரிய வாகனத்துக்கு' என்பதுதான் என் அனுபவம் சொன்ன விடை. வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு என்பதே சட்டம். மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கை, சிவப்பு வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம் என்று நிறத்தோடும் வடிவத்தோடும் சேர்த்துப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதிப்பத்திரம். 'எல்' பலகையோடு மூன்று மாதம் பழகிய பிறகே ட்ரயல்.

அந்த மூன்று மாதமும் நான் எதுவும் பழகவில்லை. எனக்கென்ன பழக்கம் என்ற நினைப்பு. காரைதீவு, சம்மாந்துறை வழியாக அதிகாலையில் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கம்புகளுக்கிடையே எட்டுப் போடச் சொன்னார்கள். இரண்டாவது வளைவில் இடது கால் தானாக நிலத்தில் ஊன்றியது. சந்தையிலும் வயல் வரம்பிலும் இருபது வருடமாக அப்படித்தானே திரும்பியிருக்கிறேன்! எனக்கு முன்னால் போன, ஓட்டத் தொடங்கிச் சில மாதமே ஆன பெண்பிள்ளை ஒருத்தி அழகாக வளைத்து முடித்திருந்தாள். நான் பெயில்.

பிறகு நிந்தவூர்க் கடற்கரைப் பக்கம் வெறுங்காணியில் செங்கல் வைத்துப் பழகினேன். முதல் கியர், கிளச்சைப் பாதி பிடித்து பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, பார்வையை முன் சில்லில் வைக்காமல் அடுத்த கம்பில் வைக்க வேண்டும். பார்வை போகும் பக்கம் வண்டி போகும். கார் ஓட்டுபவர்களுக்குப் பின்னால் எடுத்து நிறுத்துவதில்தான் சிக்கல் வரும். கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பிப் பாருங்கள். பரிசோதகரும் நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்களா என்று கவனிப்பார்.

பரிசோதகர் சிங்களத்தில் சொன்னால் திகைக்க வேண்டாம். வமட்ட என்றால் இடப்பக்கம், தகுணட்ட வலப்பக்கம், பஸ்ஸட்ட பின்னால், நவத்தன்ன நிறுத்துங்கள். விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள். ஊகித்துத் திருப்பினால் அது உங்கள் பிழையாகிவிடும்.

நீங்கள் கொண்டுபோகும் வண்டியின் சிக்னல், பிரேக் லைட், கண்ணாடி எல்லாம் முதல் நாளே பார்த்துவிடுங்கள். வருமான வரிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகி இருக்கக் கூடாது. தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டிவிட்டே ஏறுங்கள். என் இரண்டாவது முறையில் பட்டியைப் பூட்டாமல் ஏறிய ஒருவரை வண்டி நகருமுன்பே இறக்கினார்கள். நான் இறங்கி என் பட்டியை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளச்சைப் பிடித்தேன். அன்று கால் ஊன்றவில்லை.