ஓம் வாத்தியாரும் எட்டுச் செம்புக் கம்பிகளும்

"உங்க டிபார்ட்மெண்ட்லேருந்து சுவையா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எடுத்த எடுப்பில் நினைவுக்கு வந்தது முதலாண்டு பிராக்டிகலில் செய்த ஓம் விதிச் சோதனைதான். பேட்டரி, ரியோஸ்டாட், அம்மீட்டர், வோல்ட்மீட்டர். ஆறு ரீடிங் எடு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். அரை மணி நேர வேலை, மிச்ச நேரம் கேன்டீன்! தமிழ், வரலாறு படித்த நண்பர்கள் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது ஒரு பள்ளி ஆசிரியரின் கதை.

கியார்க் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டு செய்யும் தொழிலாளி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் தாமாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர். 1817-இல் ஓமுக்குக் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் அதிலேயே கழிந்தது.

கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது? ஓமின் கேள்வி இவ்வளவுதான். 1825-இல் ஒரு விடையும் வெளியிட்டார். அது லாகரிதம் வரும் ஒரு சூத்திரம். சரியான விடை அல்ல! அவரைக் காலை வாரிவிட்டது பேட்டரி. அக்காலத்து மின்கலத்தில் இணைப்புக் கொடுத்தவுடன் மின்னோட்டம் பாயும். சற்று நேரத்தில் தகட்டின்மேல் வாயுக் குமிழிகள் படிந்து தளர்ந்துவிடும். அடுத்த கம்பியை மாட்டுவதற்குள் மின்கலமே மாறிவிட்டிருக்கும். அளப்பது கம்பியையா, கலத்தின் சோர்வையா?

வழி காட்டியவர் ஆய்விதழ் ஆசிரியரான போகன்டார்ஃப். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1821-இல், சீபெக் என்பவர் வெப்ப மின்னிரட்டையைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும். பேட்டரியை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்துங்கள் என்றார் அவர். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இரட்டையைச் செய்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். கொதிநீரின் சூடும் பனிக்கட்டியின் குளிரும் மாறுவதில்லை. ஆகவே மின்னழுத்தமும் மாறுவதில்லை. எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக மாட்டி, மேலே தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். கம்பி 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக, அதாவது இரு மடங்காக, ஆனபோது மின்னோட்டம் பாதியாகவில்லை. சுமார் எட்டு சதவீதம்தான் குறைந்தது. அவசரக்காரர்கள் இந்த இடத்தில் சோதனை தப்பு என்று எழுந்து போயிருப்பார்கள். ஓம் போகவில்லை. கம்பியின் நீளத்தோடு சுமார் இருபதேகால் அங்குலத்தைக் கூட்டிக்கொண்டு பார்த்தால் எல்லாக் கணக்கும் பொருந்தியது. அந்த இருபதேகால் எங்கிருந்து வந்தது? கம்பியைத் தவிர்த்த மீதிச் சுற்று முழுவதன் தடை அது. வெப்பநிலை வித்தியாசத்தை மாற்றிப் பார்த்தார். மின்னோட்டத்தின் அளவு மாறியது, இருபதேகால் மட்டும் ஏறத்தாழ அப்படியே நின்றது. இன்றைய மாணவர்கள் "அகமின்தடை" என்று மனப்பாடம் செய்து, வைவாவில் மறந்துபோவது இந்த சமாச்சாரத்தைத்தான். என்னைக் கேட்டால், வகுத்தலைவிட இதுதான் ஓமின் பெரிய கண்டுபிடிப்பு.

1826-இல் பாதிச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் சென்றார். 1827-இல் புத்தகம் வெளிவந்தது. இதற்காகப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று நம்பியிருந்தார். கிடைத்ததோ கடுமையான எதிர்ப்பு! போல் என்ற விமர்சகர் இதை வெறும் கற்பனை என்றே ஒதுக்கினார். மனம் நொந்த ஓம் 1828-இல் கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். 1833-இல் நியூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை பெரிய பதவி ஏதும் இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லே பதக்கம் அளித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானது 1852-இல், 63 வயதில். 1854-இல் காலமாகிவிட்டார்.

இடையில் ஒரு வேடிக்கை. இதே விதியை இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் 1781-லேயே நெருங்கிவிட்டார். மீட்டர் இல்லாத காலம். தம் உடம்பில் ஷாக் எவ்வளவு உறைக்கிறது என்பதை வைத்தே ஒப்பிட்டார்! ஆனால் எழுதியதை வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் அதைப் பதிப்பித்தது 1879-இல்.

திறன் பற்றிய பாதியை முடித்து வைத்தவர் மது ஆலை முதலாளியின் மகனான ஜூல். 1840-இல், 21 வயதில், கம்பிச் சுருளைத் தண்ணீரில் மூழ்கவைத்து வெப்பத்தை அளந்தார். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்று கண்டார். ஓமின் விதியை இதோடு சேர்த்தால், அழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்ற நம் திறன் சூத்திரம் வந்துவிடும். 1881 பாரிஸ் மாநாட்டில் தடையின் அலகுக்கு ஓமின் பெயர் நிலைத்தது. 1889-இல் திறனுக்கு வாட் ஏற்கப்பட்டது. ஒரு காலத்தில் 106.3 செ.மீ. பாதரசத் தம்பமாக இருந்த ஓம், 2019 முதல் இயற்கை மாறிலிகளின் நிலையான மதிப்புகளில் நிற்கிறது.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுப் பரணில் பழைய 100 வாட் குண்டு பல்பு கிடந்தால் எடுங்கள். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 0.43 ஆம்பியர், அப்படியானால் தடை 529 ஓம். இப்போது எரியாத பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது! மீட்டரில் கோளாறு இல்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸில் இருக்கிறது; உங்கள் கையில் இருப்பதோ அறை வெப்பநிலையில்.