வாத்தியார் வேலைக்கு ஏன் போனாங்க?

போன வாரம் மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தப்ப, பக்கத்துத் தோட்டத்துப் பொண்ணு வந்து வரப்புல உட்கார்ந்துச்சு. பி.எட். முடிச்சு, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணி வச்சிருக்குது. இப்போதைக்கு ஒரு தனியார் பள்ளியில வேலை. பஸ்ஸுக்கும் சேலைக்கும் போக கையில ஒண்ணும் நிக்கிறதில்ல.

"ஏனுங்க மாமா, இன்னும் பரீட்சை எழுதீட்டே இருக்கறதா, இல்ல பேங்க் வேலைக்குப் படிக்கறதா? வீட்டுல தினமும் சண்டைங்க. அந்தக் காலத்துல எல்லாம் சேவை செய்யத்தான் வாத்தியார் ஆனாங்க, நீ சம்பளத்தப் பத்திப் பேசறேன்னு அப்பா திட்டறாருங்க."

அவங்கப்பா நல்ல மனுஷன்தான். ஆனா அவர் சொல்ற அந்தக் காலம் எதுன்னு எனக்குத் தெரியல.

1822ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எல்லா ஜில்லா கலெக்டர்களையும் பள்ளிக்கூடக் கணக்கு எடுத்து அனுப்பச் சொன்னார். கணக்கெல்லாம் வந்த பிறகு, 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. மேடையில நம்மாளுங்க பெருமையாச் சொல்றது இந்த எண்ணிக்கையைத்தான். அதே குறிப்பில் வாத்தியார்களைப் பத்தியும் மன்றோ எழுதியிருக்கிறார். மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல் அவர்களுக்குக் கிடைப்பதில்லை, இந்த வருமானத்துக்குத் தகுதியுள்ள ஆள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான் என்பது அவர் கணிப்பு. சர்க்கார் செலவில் தாசில்தார் அளவில் பள்ளி வைத்து, வாத்தியாருக்கு மாசம் 9 ரூபாய் கொடுக்கலாம் என்றார். பிள்ளைகளிடம் வாங்குவதையும் சேர்த்தால் ஸ்காட்லாந்து நாட்டுக் கிராமத்து வாத்தியாரைவிட இவர் நல்லாவே இருப்பார்னு ஒரு சமாதானமும் எழுதி வச்சார். அடுத்த வருஷமே காலராவில் இறந்துபோனார்.

ஆக, 200 வருஷத்துக்கு முந்தியே பேச்சு சம்பளத்துலதான் நின்னுருக்குது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அறுவடைக்கு அறுவடை தானியம். நவராத்திரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வீடு வீடாகக் கோலாட்டம் ஆடிப் போனால் கொஞ்சம் காசு. மழை பொய்ச்சா வாத்தியார் வீட்டு அடுப்பும் அணைஞ்சுதான் கிடக்கும். எங்களை மாதிரியேதான், வானம் பார்த்த பொழப்பு.

இது மாறினது 1950களில். காமராஜர் 1954ல் முதலமைச்சரானார். கல்வித் துறைக்கு நெ.து. சுந்தரவடிவேலு இயக்குநர். பள்ளி இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் முளைச்சுது. 1956ல் மதிய உணவு வந்துச்சு. பிள்ளைங்க வந்தா வாத்தியார் வேணுமே. எட்டாவது முடிச்சு பயிற்சி எடுத்தவங்களுக்கும் வேலை கிடைச்சுது. நகரத்துக்காரங்க அதிகம் கேள்விப்படாத ஒண்ணு, 1955ல் ஆசிரியர்களுக்காக வந்த ஓய்வூதியம், வைப்பு நிதி, காப்பீடு மூணும் சேர்ந்த திட்டம். எனக்கென்னமோ மதிய உணவுக்கு அடுத்து பெரிய காரியம் அதுதான். வயசானா பென்ஷன்ங்கறது விவசாயி கனவுலகூட காணாத சமாச்சாரம். எங்க பெரியப்பா அப்படிப் போனவர்தான். ஆறு ஏக்கரா மேட்டாங்காடு, பங்காளிங்க நாலு பேரு. ஒருத்தராவது காட்டை விட்டு வெளியேறினாத்தான் மத்தவங்க வயிறு நிறையும். சேவைன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல. ஆனா மழையோ வெயிலோ, ஒரு நாள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததும் இல்ல.

எனக்கு மூணாவது எடுத்த வாத்தியாரய்யா கதை வேற. காலனிக்காரர். அரசு விடுதியில தங்கிப் படிச்சு, 1963ல் வேலைக்கு வந்தவர். ஜனத்தொகைக் கணக்கு எடுக்கவும், படிப்பை நிறுத்தின பிள்ளைங்களைக் கூப்பிடவும் வீடு வீடா வருவார். எங்க வீட்டுல அவருக்குன்னு எரவானத்துல சொருகி வச்ச தனி டம்ளர் இருந்துச்சு. அதுல காப்பி கொண்டுபோய்க் குடுத்தது நான்தான். மறுநாள் காலையில அதே கையால அவர்கிட்ட சிலேட்டை நீட்டுவேன். குடிச்சுட்டு டம்ளரை அவரே கழுவி வச்சுட்டுப் போவார்.

அவர் ஓய்வு பெற்ற அன்னைக்கு, "ஏனுங்கய்யா இந்த வேலைக்கு வந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"நாற்காலிக்குத்தான் தம்பி. இந்த ஊருக்குள்ள எனக்கு நாற்காலி இருந்த ஒரே இடம் பள்ளிக்கூடம்" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "முதல் அஞ்சு வருஷம் அதுக்குத்தான். அப்புறம் பிள்ளைங்களுக்காக" என்றார்.

1981 ஜூனில் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் எல்லாரும் அரசு ஊழியர் ஆனாங்க. அதுக்கப்புறம் கல்யாணச் சந்தையில வாத்தியார் மாப்பிள்ளைக்கு ஏறின மவுசு கொஞ்சநஞ்சமில்ல. நானும் 1988ல் ஆசிரியர் பயிற்சி முடிச்சு வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சவன்தான். எதுக்குன்னா, கிணறு வத்திப் போச்சு. அவ்வளவுதான் காரணம். மூணு வருஷத்துக்கு ஒருக்கா பதிவைப் புதுப்பிக்கணும், தவறினா மூப்பு போயிரும். அப்பாவை ஆஸ்பத்திரியில வச்சிருந்த வருஷம் மறந்துட்டேன். ஏழு வருஷ மூப்பு ஒரே நாளுல போச்சு. இன்னைக்கு நெனச்சாலும் வயித்தைப் பிசையும்.

2003 ஏப்ரலுக்குப் பின்னாடி சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் இல்லைன்னாங்க. 2012ல் தகுதித் தேர்வு வந்துச்சு. 2018ல் அதுக்கு மேல இன்னொரு போட்டித் தேர்வுன்னு அரசாணை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு பொண்ணு இந்த வேலைதான் வேணும்னு நிக்குதுன்னா, அவங்கப்பா தேடற அந்த மனசு இந்தப் புள்ளைகிட்டத்தான் இருக்குது. அதுக்காகச் சம்பளம் கேக்கக் கூடாதுன்னு ஒண்ணுமில்ல.

"உனக்கு ஏன் கண்ணு இந்த வேலை?"ன்னு கேட்டேன். மண்ணைக் கிள்ளிப் போட்டுட்டே, "மூணாவது பிள்ளைங்களுக்குக் கழித்தல்ல கடன் வாங்கறது புரியவே இல்லீங்க மாமா. புளியங்கொட்டைய வச்சுச் சொன்னேன், டக்குன்னு புரிஞ்சுக்கிட்டாங்க"ன்னு சொல்லிச்சு. மடை உடைஞ்சதைக்கூடப் பார்க்காம அந்தக் கழித்தல் கணக்கை எனக்குப் பத்து நிமிஷம் விளக்குச்சு.

வாத்தியாரய்யாவுக்கு எண்பது தாண்டியாச்சு. காது மந்தம், கண்ணு நல்லாத் தெரியுது. வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணை அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். அவங்கப்பாவையும் வரச் சொல்லியிருக்கேன்.