கொப்புளத்தின் பழி

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த நண்பர் ஒருவர், மூன்றாம் நாள் உதட்டோரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளங்களுடன் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். "சரியாகக் கழுவாத குறட்டால் ஒட்டவைத்துவிட்டார்" என்று பல் மருத்துவரைச் சபித்தார். நாமும் அன்று தலையாட்டினோம். பின்னர் இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அந்தப் பழியில் எவ்வளவு நியாயம் உண்டு, எவ்வளவு இல்லை என்பது விளங்கிற்று.

'ஹெர்ப்பீஸ்' என்ற சொல் 'ஊர்தல்' எனப் பொருள்படும் கிரேக்க வினையடியில் பிறந்தது. தோலில் ஊர்ந்து படரும் பலவகைப் புண்களுக்குப் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இட்ட பொதுப்பெயர் அது. நாம் 'அக்கி' என்று வழங்குவது இதே குடும்பத்தைச் சேர்ந்த, சின்னம்மையை உண்டாக்கும் வைரஸின் வேலை. உதட்டில் அரும்புவதோ ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதை 1873இல் பிரெஞ்சு மருத்துவர் விதால் காட்டினார். ஆனால் எவரிடமிருந்தும் தொற்றாத நாளிலும், காய்ச்சலுக்குப் பின்னும் கடும் வெயிலுக்குப் பின்னும், அதே இடத்தில் அது திரும்பத் திரும்ப வருவானேன்? இக்கேள்விக்கு உறுதியான விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

முதல் தடயத்தை அளித்தவர் ஓர் அறுவை மருத்துவர். அமெரிக்காவின் ஹார்வி குஷிங், கொடிய முகநரம்பு வலியைத் தீர்க்க முக்கிளை நரம்பின் திரளில் அறுவை செய்துவந்தார். அதன்பின் நோயாளிகளின் முகத்தில் கொப்புளங்கள் தோன்றுவதை 1905இல் பதிவு செய்தார். கத்தி தொட்டது நரம்பை. புண் வந்ததோ தோலில். 1929இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து எர்னஸ்ட் குட்பாஸ்ட்சர், வைரஸ் அந்த நரம்புத் திரளிலேயே உறங்கிக் கிடக்கக்கூடும் என்றார். 1938இல் டாட், ஜான்ஸ்டன், படிங் ஆகிய மூவரும், குழந்தைகளுக்கு ஈறு வீங்கி வாயெல்லாம் புண்ணாகும் நோய்க்கும் இதே வைரஸே காரணம் என்று காட்டினர். மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பர்னெட்டும் வில்லியம்ஸும் இரண்டையும் இணைத்தனர். இளமையில் புகும் வைரஸ் பின்னர் வெளியேறுவதே இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. 1971இல் ஸ்டீவன்ஸும் குக்கும் சுண்டெலிகளின் நரம்புத் திரளில் அதைக் கண்டனர். 1973இல் பாரிங்கரும் ஸ்வோவ்லண்டும் இறந்த மனிதர்களின் முக்கிளை நரம்புத் திரளிலிருந்தே அதை மீட்டெடுத்தனர்.

பற்களுக்கும் ஈறுகளுக்கும் உதடுகளுக்கும் உணர்ச்சி தருவது இந்த முக்கிளை நரம்பே. உதட்டை இழுத்துப் பிடிப்பதும், ஊசியும், பல் பிடுங்குதலும், அவற்றுக்கு முந்தைய அச்சமும் உறங்கும் வைரஸை எழுப்பிவிடக்கூடும். எழுந்தது நரம்பிழை வழியே இறங்கி உதட்டுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இதன் முதல் வகையைச் சுமப்பவர்கள். ஆகவே நண்பரின் உதட்டில் அரும்பியது, பெரும்பாலும் அவரே சிறுவயது முதல் சுமந்துவந்ததாகத்தான் இருக்கும்.

எனினும் அவரது ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. பல் மருத்துவர்கள் வெறுங்கையுடன் நோயாளியின் வாயில் விரலிட்டுப் பணிசெய்த காலம் நெடியது. எச்சிலில் இருந்த வைரஸ் நகக்கண்ணின் கீறல் வழியே புகுந்து, விரல்நுனியில் வலிமிக்க நகச்சுற்றாக வெடிக்கும். பின்னர் அதுவும் உறங்கி, மீண்டும் எழும். இத்தகைய நகச்சுற்று மருத்துவமனைப் பணியாளர்களைத் தொற்றுவதை 1959இல் லான்செட் இதழ்க் கட்டுரை ஒன்று சுட்டிற்று. 1984இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த செய்தி இன்னும் கசப்பானது. பற்களைச் சுத்தம் செய்யும் பணியாளர் ஒருவர் நான்கு நாட்களில் கவனித்த 46 பேரில் 20 பேருக்கு வாயும் ஈறும் புண்ணாயின. வாயிலிருந்து விரலுக்குச் சென்றது, விரலிலிருந்து வாய்களுக்குத் திரும்பியிருந்தது. எய்ட்ஸ் அச்சம் சூழ்ந்த 1986இல்தான், எச்சிலையோ குருதியையோ தொடும்போது கையுறை கட்டாயம் வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பல் மருத்துவத்துக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது.

1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் குழுவினர் உருவாக்கிய அசைக்ளோவிர், விழித்தெழுந்த வைரஸை அடக்கும். உறங்குவதை அதனால் தொட இயலாது. ஆகவே, கொப்புளம் ஈரமாக இருக்கும்போது "ஆறியபின் வாருங்கள்" என்று மருத்துவர் அனுப்பினால், அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அவருக்கு முன்னிருந்தோர் பட்ட விரல்வலி இருக்கிறது. அடிக்கடி கொப்புளம் வருபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நலம்; தேவைப்படின் அவர் முன்னதாகவே மருந்து தரக்கூடும்.

நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "அப்படியானால் எனக்கு இதைத் தந்தது யார்?" என்று கேட்டார். நினைவு எட்டாத வயதில் கன்னத்தில் முத்தமிட்ட யாரோ ஒருவர். அவருக்கும் அது தெரிந்திருக்காது.