பல்லாங்குழிக்கு அடி உருண்டையா இருக்கணும்

பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு 7, மொத்தம் 14 குழி. மரப்பலகை இல்லாத இடத்துல கல்லுல செதுக்கியும் மண்ணுல தோண்டியும் ஆடியிருக்காங்க. மலேசியாவுல சொங்காக், சிங்களவர்கிட்ட ஒலிந்த கெலிய, ஆப்பிரிக்காவுலயும் பல பேர்ல உண்டு. எல்லாம் ஒரே குடும்பம்.

கீழ்வேளூர்ல எங்க வீட்டுப் பழைய பலகையைக் கரையான் தின்னுட்டுது. மகன் வாங்கிவச்ச சின்ன கார்விங் மிஷின்ல பூவரசம் பலகையில் 14 குழி எடுத்தேன். அளவு சுத்தம், ஆனா அடி தட்டை. கண் மங்கிய அம்மா விரலால வழிச்சாங்க. புளியங்கொட்டை ஓரத்துலயே ஒண்டிக்கிச்சு.

"கிண்ணம் மாதிரி இருக்கணும்டா."

அப்பதான் புரிஞ்சுது. அந்தக் காலத்து ஆசாரி வளைஞ்ச உளியால குழி எடுத்தது அழகுக்கு மட்டும் இல்ல. ஒரே வழிப்புல கொட்டை கைக்கு வரணும்னுதான். உருண்டை முனை பிட் மாட்டி மறுபடி குடைஞ்சேன். இப்ப தடவிப் பார்த்தே அம்மா ஜெயிக்கிறாங்க.